கியர் விழாத என் பழைய ஆட்டோமேட்டிக்

இரண்டாவது கியர் விழவே நேரமானது. விழும்போது ஓர் உதை. கியர்பாக்ஸ் ஆயில் வாரம்தோறும் குறைந்தது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு கூட இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. மெக்கானிக் ஒருவர் மொத்தமாகப் பிரிக்கணும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் அது எந்த கியர்பாக்ஸ் என்று பார்த்தேன். அடித்தட்டில் 13 போல்ட், ஒரு மூலை மட்டும் வெட்டினது போல இருந்தது. டர்போ 350 என்ற ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ், மூன்று கியர். அதன் வலப்பக்கம் பின்னால் வேக்குவம் மாடுலேட்டர் இருக்கும், எஞ்சினின் உறிஞ்சு விசையை வைத்து கியர் மாறுவதைச் சீராக்கும் சின்ன டப்பா. எஞ்சினிலிருந்து அதற்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றியதும் உள்ளிருந்து சிவப்பு ஆயில் விரலில் வழிந்தது. அப்போதே புரிந்துவிட்டது. மாடுலேட்டருக்குள் இருக்கும் வயதான டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, கிழிந்து, அந்தக் குழாய் வழியே கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது.

மாடுலேட்டரைக் கழற்ற ஒரே போல்ட், ஒரு கிளாம்ப். உள்ளே இருக்கும் சின்ன வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். புது மாடுலேட்டர், புது ஓ-ரிங், புது குழாய். அப்புறம் எஞ்சின் சூடாகி ஓடும்போதே, பார்க்கில் வைத்து அளவு பார்த்து ஆயில் நிரப்பினேன். கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. புகையும் ஓரிரு நாளில் நின்றது.

நெடுஞ்சாலைக்காக ஓவர்டிரைவ் (எஞ்சின் மெதுவாகச் சுற்ற உதவும் மேல் கியர்) உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸ் போடும் ஆசை இன்னும் இருக்கிறது. அதற்கு பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்டைச் சுருக்கணும், ஆக்ஸிலரேட்டர் அளவை கியர்பாக்ஸுக்குச் சொல்லும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைச் சரியாக அமைக்கணும். கேபிள் தவறினால் கிளட்ச் கருகிவிடும். சரி, அடுத்த வருஷம்.