பேட்டரி ஜிக்சா: புதிதாகப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய ரம்பப் பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் மின்கருவி ஜிக்சா. இதைப் பார்த்தால் யாருக்கும் பெரிதாகப் பயம் வராது. வட்ட ரம்பம் போலச் சத்தமாகச் சீறாது, கைக்கு அடக்கமாக இருக்கும், பேட்டரியில் ஓடுவதால் வயரும் காலைத் தடுக்காது. அதனால்தான் மரவேலை பழக வருபவர்களில் பலர் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய வாரத்திலேயே "கோடு நேராத்தான் போட்டேன், வெட்டு மட்டும் எங்கேயோ போயிடுச்சு" என்று சலித்துக்கொள்வதும் அவர்கள்தான்.

குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. ஜிக்சா பிளேடு மேல்முனையில் மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ்முனை எதிலும் மாட்டாமல் மரத்துக்குள் சும்மா தொங்குகிறது. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சிந்தில்லா நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் காஃப்மன், மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்ததில் பிறந்த கருவி இது. தைக்கத் தெரிந்தவர்கள் ஓடும் ஊசிக்கு அடியிலிருந்து துணியை வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள். இழுத்தால் ஊசி வளையும், அல்லது ஒடியும். ஜிக்சா பிளேடும் அப்படித்தான். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல், பிளேடின் அடிமுனை பிடிமானம் இல்லாமல் நிற்கிறது என்பதை மறப்பதால் வருபவை.

முன்னால் தள்ளுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வெட்டு மெதுவாகப் போகிறதே என்று பின்னாலிருந்து அழுத்துவார்கள். மேலே பார்த்தால் பிளேடு கோட்டின் மேலேயே போகும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். முடித்துவிட்டுப் பலகையைத் திருப்பினால்தான் விஷயம் தெரியும். அடிப்பக்கத்தில் வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கும். வெட்டுமுகத்தில் மூலைமட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். மரம் கனமாக ஆக இந்தக் கோணல் கூடும். வளைவு வெட்டும்போது இன்னும் மோசம். வட்டமாக வெட்டிய பலகையின் மேல்முகம் ஒரு அளவிலும் அடிமுகம் வேறு அளவிலும் வந்து நிற்கும்.

மோட்டார் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள். வெட்டு சரியாகப் போகும்போது சத்தம் ஒரே சீராக இருக்கும். குரல் இறங்கித் திணறினால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். கையைத் தளர்த்துங்கள், வேகம் தானாக மீளும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முன்னோக்கி அழுத்தக் கூடாது, ஆனால் கீழ்நோக்கி அழுத்தியே ஆக வேண்டும். கருவியின் அடித்தட்டு மரத்தின் மேல் முழுசாகப் படிந்திருக்க வேண்டும். அது மரத்தை விட்டு எழும்பினால் பிளேடு மரத்தை அறுக்காமல் கருவியையே மேலும் கீழும் குதிக்க வைக்கும். கைப்பிடியை உறுதியாகக் கீழே அழுத்துங்கள், முன்னால் நகர்த்தும்போது மட்டும் மென்மையாக நகர்த்துங்கள். இந்த இரண்டையும் பிரித்துச் செய்யக் கை பழகிவிட்டால், மீதி எல்லாம் சுலபம்.

வெட்டு கோட்டை விட்டு விலகிவிட்டால் கருவியைப் பக்கவாட்டில் முறுக்கித் திருப்புவதும் வழக்கமான தவறு. பிளேடு மேலே திரும்பும், அடியில் திரும்பாது. நிறுத்திவிட்டு, கொஞ்சம் பின்னால் வந்து, விலகத் தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி வெட்டுங்கள்.

கூட வந்த பிளேடையே எல்லாவற்றுக்கும் போடுவது

கருவியோடு ஒன்றிரண்டு பிளேடு வந்திருக்கும். பிளைவுட், கட்டை, தகரம், அக்ரிலிக் என்று எல்லாவற்றையும் அதிலேயே வெட்டப் பார்ப்பார்கள். ஜிக்சாவில் வெட்டின் தரத்தைத் தீர்மானிப்பது கருவியைவிட பிளேடுதான் என்பது என் கருத்து. சுமாரான கருவியில் சரியான பிளேடு போட்டால் நல்ல வெட்டு கிடைக்கும். விலை உயர்ந்த கருவியில் தவறான பிளேடு போட்டால் கிடைக்காது.

பிளேடின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பல நிறுவனங்கள் ஒரே மாதிரிக் குறியீட்டையே பின்பற்றுகின்றன. 'டி 144 டி' (T144D) என்பது பற்களுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி உள்ள முரட்டுப் பிளேடு. கட்டையை வேகமாக அறுக்கும், ஆனால் ஓரம் கரடுமுரடாக இருக்கும். 'டி 101 பி' (T101B) 2.5 மி.மீ. இடைவெளி கொண்டது, பிளைவுட் போன்றவற்றில் சுத்தமான ஓரம் தரும். 'டி 118 ஏ' (T118A) 1.2 மி.மீ. இடைவெளியில் பொடிப்பற்கள் கொண்ட உலோகப் பிளேடு. 'டி 119 பி ஓ' (T119BO) போலக் கடைசியில் 'ஓ' வந்தால் அது அகலம் குறைந்த, வளைவுக்கான பிளேடு. பற்கள் நெருங்க நெருங்க வெட்டு மெதுவாகவும் சுத்தமாகவும் வரும். இதை மட்டும் மனதில் வைத்தாலே கடையில் தடுமாற வேண்டியதில்லை.

நீளத்தையும் பாருங்கள். பிளேடு மேலே ஏறும் உச்சத்திலும் அதன் முனை மரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலான ஜிக்சாக்களில் பிளேடு 18 முதல் 26 மி.மீ. வரை ஏறி இறங்கும். 26 மி.மீ. ஏறி இறங்கும் கருவியில் 40 மி.மீ. கட்டையை வெட்டுவதென்றால், பிளேடு கீழே இறங்கி நிற்கும்போது அடித்தட்டுக்குக் கீழே குறைந்தது 66 மி.மீ.க்கு மேல் தெரிய வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முனை மரத்தில் குத்தி, கருவி துள்ளும், பிளேடும் ஒடியும்.

இப்போதைய கருவிகள் பெரும்பாலும் 'டி' (T) வடிவக் கொண்டை உள்ள பிளேடுகளையே ஏற்கும். பழைய 'யு' வடிவக் கொண்டை இவற்றில் உட்காராது. மாட்டியதும் பிளேடைக் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்துப் பாருங்கள். பிளேடின் முதுகு பின்னால் உள்ள சிறு உருளையின் பள்ளத்தில் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த உருளைதான் பிளேடு பின்னால் வளையாமல் தாங்குகிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

நல்ல முகத்தை மேலே வைத்து வெட்டுவது

பார்க்க அழகாக இருக்கும் பக்கத்தை மேலே வைத்துக் கோடு போடுவதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் சாதாரண ஜிக்சா பிளேடின் பற்கள் மேல்நோக்கி இருக்கின்றன. மேலே ஏறும்போதுதான் அறுக்கிறது. அதனால் மேல்முகம்தான் சிலும்பும். பிளைவுட்டின் மேல் அடுக்கு மெல்லியது. அதன் இழைக்குக் குறுக்கே வெட்டினால் கோட்டின் ஓரம் முழுக்கச் சிராய் எழும்பி நிற்கும்.

ஆகவே நல்ல முகம் கீழே, கோடு அடிமுகத்தில். வரையும் உருவம் இடவலம் மாறும் என்பதை மறக்காதீர்கள். மேலே வைத்தே வெட்ட வேண்டிய நிலை என்றால், கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் வரையுங்கள், அல்லது கூர்மையான கத்தியால் கோட்டை ஒருமுறை கீறிவிடுங்கள். அடித்தட்டில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று பல கருவிகளோடு வரும். பிளேடை ஒட்டி மரத்தை அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. இது எதற்கு என்று தெரியாமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பற்கள் கீழ்நோக்கிய பிளேடும் கிடைக்கும், லேமினேட் ஒட்டிய பலகைகளுக்கு அது நல்லது. ஆனால் அது கருவியை மேலே தூக்கிவிடும், அழுத்திப் பிடிக்கும் கை பழகிய பிறகு அதைத் தொடலாம்.

0 முதல் 3 வரை உள்ள திருகு

பக்கவாட்டில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கும். அது வேகம் இல்லை. பிளேடு நேராக மேலும் கீழும் மட்டும் போகிறதா, ஏறும்போது முன்னாலும் சற்றுத் தள்ளப்படுகிறதா என்பதை மாற்றுவது. இதை வேகம் என்று நினைத்து 3-இல் வைத்தபடியே பிளைவுட்டையும் தகரத்தையும் வெட்டுவார்கள். உலோகம், நெருக்கமான வளைவு, சுத்தமான ஓரம் இவற்றுக்கு 0. மென்மரத்தை வேகமாக நேராக அறுக்க 2 அல்லது 3. சந்தேகம் வந்தால் 0-இல் தொடங்குங்கள், நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும்.

பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெட்டுவது

இதில் ஆபத்தும் உண்டு, வெட்டும் கெடும். மெல்லிய பிளைவுட் துண்டைக் கையால் பிடித்து வெட்டினால், பிளேடு ஏறும்போது பலகையும் சேர்ந்து எழும்பும், இறங்கும்போது சேர்ந்து இறங்கும். சத்தம்தான் வரும், வெட்டு வராது. பலகையை கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். வெட்டும் கோடு மேசை விளிம்பிலிருந்து சில அங்குலங்களுக்குள் இருக்கட்டும். தூரம் போகப் போகப் பலகை அதிரும். நீளமான துண்டு வெட்டுப்பட்டுத் தொங்கினால் பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். விழப்போகும் பக்கத்துக்கும் முட்டுக் கொடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். மேசைக் கால், கிளாம்பின் கைப்பிடி, மற்ற கருவிகளின் வயர் எதுவும் பிளேடு போகும் வழியில் இருக்கக் கூடாது. முக்கியமாக, பலகைக்கு அடியில் உங்கள் விரல் இருக்கவே கூடாது. மேலிருந்து பார்ப்பவருக்குப் பிளேடின் அடிப்பகுதி தெரியாது. பலகையைத் தாங்குவதற்காகக் கை தன்னையறியாமல் அடியில் போவதுதான் ஜிக்சாவில் நிஜமான ஆபத்து.

கோடு தெரிய வேண்டும் என்று முகத்தை அருகே கொண்டு போவோம், தூள் நேராகக் கண்ணுக்கு வரும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டினால் முகமூடியும் கட்டாயம், அதன் தூள் மிக நுண்ணியது.

வயர் இல்லை என்பதால் வரும் அலட்சியம்

வயர் உள்ள கருவியில் பிளக்கைப் பிடுங்கினால் கதை முடிந்தது. பேட்டரிக் கருவிக்கு அந்த வசதி இல்லை. பேட்டரி உள்ளே இருக்கும் வரை அது எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிறது. பிளேடை மாற்றும்போது, அடித்தட்டைச் சாய்க்கும்போது, மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சுக்குப் பூட்டு இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இதில் சமரசமே கூடாது.

தொடங்கும் விதமும் முக்கியம். அடித்தட்டின் முன்பகுதியை மரத்தில் படியவைத்து, பற்கள் மரத்தைத் தொடாத நிலையில் டிரிகரை அழுத்துங்கள். வேகம் எடுத்ததும் உள்ளே நுழையுங்கள். பல் மரத்தில் பட்டிருக்கும்போதே இயக்கினால் கருவி உதைக்கும். முடிக்கும்போதும் டிரிகரை விட்டு, பிளேடு முழுசாக நின்ற பிறகே தூக்குங்கள்.

பேட்டரி தீரும் தறுவாயில் சில கருவிகள் மெல்ல வேகம் குறையும், சில சட்டென்று நின்றுவிடும். நீளமான வெட்டுக்கு முன் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டின் நடுவில் நின்று மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் சிறு பள்ளம் விழ வாய்ப்புண்டு. கனமான மரம் அறுத்துச் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள்.

நேர்வெட்டும் உள்வெட்டும்

கண் பார்வையை மட்டும் நம்பி நீளமாக நேர்வெட்டு போட முடியாது. நேரான ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றைப் பலகையில் கிளாம்ப் செய்து, அடித்தட்டின் ஓரத்தை அதை ஒட்டி நகர்த்துங்கள். பிளேடுக்கும் அடித்தட்டு ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவு தள்ளி ரீப்பரை வைக்க வேண்டும். வெட்டு எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கத்தில் போகட்டும். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம், போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முழுப் பிளைவுட் ஷீட்டை நெடுக அறுக்க நினைத்தால், வெளிப்படையாகச் சொல்கிறேன், அதற்கு வட்ட ரம்பம்தான் சரி.

பலகையின் நடுவில் சதுரமோ வட்டமோ வெட்டியெடுக்க, கழிவுப் பகுதியில் 10 அல்லது 12 மி.மீ. துளை போட்டு அதில் பிளேடை இறக்குங்கள். துளை இல்லாமல் கருவியைச் சாய்த்துக் குத்தி நுழைக்கும் முறையைப் பழகாதவர்கள் முயல வேண்டாம். நெருக்கமான வளைவுக்கு முன்னால், கழிவுப் பக்கத்திலிருந்து கோடு வரை சில நேர்வெட்டுகளைப் போட்டு வையுங்கள். வளைவில் போகப் போகத் துண்டுகள் தானாக உதிர்ந்து பிளேடு திரும்ப இடம் கொடுக்கும்.

தகரம் வெட்டினால் வேகத்தைக் குறைத்து, இரண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவே வைத்து வெட்டுங்கள், ஓரம் சுருளாது. அக்ரிலிக்கில் வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய பிளவு பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக, மழுங்கிய பிளேடு. ஓரம் கருகினாலோ, நேற்று சுலபமாகப் போன மரத்தில் இன்று அழுத்தத் தோன்றினாலோ, பிளேடை மாற்றுங்கள். மரத்தில் ஒளிந்திருந்த ஒரே ஆணி போதும், பற்களைக் காலி செய்ய. மாற்றும்போது, வெட்டி முடித்த பிளேடு கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும் என்பது நினைவிருக்கட்டும். விடுவிக்கும் நெம்புகோல் இருந்தால் விரலால் தொடாமல் அதை அழுத்தி, ஒரு தகர டப்பாவுக்குள் விழவிடுங்கள்.