'சங்காரம்' வரும் பகுதிகளைப் படிக்கையில் சறுக்கும் இடங்கள்

"சுவாசமுள்ள எல்லாவற்றையும் சங்காரம்பண்ணினான்." கானான் நாட்டைப் பிடித்த இஸ்ரவேலின் தலைவன் யோசுவா அங்கிருந்தவர்களை அடியோடு அழித்ததாக (அதுதான் 'சங்காரம்') சொல்லும் யோசுவா 10:40 வேதபாட வகுப்பில் வாசிக்கப்பட்டதும் யாராவது ஒருவர் கேட்பார்: "குழந்தைகளையுமா?" நடத்துகிறவர் அவசரமாக எதையோ சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குத் தாவுவார். கேட்டவர் அதற்கப்புறம் வாய் திறக்கமாட்டார். தவறுகள் பெரும்பாலும் அந்த அவசரத்தில் நடப்பவைதான்.

முக்கியமானது, ஒரு வசனத்தோடு நின்றுவிடுவது. 10-ஆம் அதிகாரத்தின்படி எப்ரோனிலும் தெபீரிலும் ஒருவரும் மீதியில்லை. அப்படியே 15:13-17-க்குப் புரட்டுங்கள்: அதே எப்ரோனிலிருந்து ஏனாக்கின் மூன்று குமாரரைக் காலேப் துரத்துகிறான், அதே தெபீரை ஒத்னியேல் பிடிக்கிறான். நியாயாதிபதிகள் 1-ல் துரத்தப்படாதவர்களின் பட்டியலே இருக்கிறது. 1 சாமுவேல் 15-ல் இஸ்ரவேலின் எதிரி ஜாதியான அமலேக்கியரின் கதை முடிந்தது போலத் தெரியும். 30-ஆம் அதிகாரத்தில் அவர்களே வந்து தாவீது தங்கியிருந்த சிக்லாகு ஊரைக் கொளுத்துகிறார்கள், 400 பேர் ஒட்டகம் ஏறித் தப்புகிறார்கள். உபாகமம் 7:2 அழிக்கச் சொல்கிறது. அடுத்த வசனமே அவர்களோடு சம்பந்தம் வைக்காதே என்கிறது. செத்தவர் வீட்டில் யார் பெண் எடுக்கப்போகிறார்கள்?

'ஒருவரும் மீதியில்லை' என்று மிகைப்படுத்துவது அக்காலப் போர்க் கல்வெட்டுகளின் நடை. நம் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. கி.மு. 1208 வாக்கில் எகிப்து அரசன் மெர்னெப்தா இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போனதாக வெட்டிவைத்தான். 1868-ல் திபானில் கிடைத்து இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லில், மோவாப் அரசன் மேசாவும் இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்கிறான். நேபோவில் 7,000 பேரைக் கொன்று தன் தெய்வத்துக்கு 'ஹெரெம்' ஆக்கினானாம். யோசுவாவிலும் அதே சொல்தான். தமிழ் வேதாகமம் அதை ஓரிடத்தில் 'சங்காரம்' என்றும் வேறிடத்தில் 'சாபத்தீடு' என்றும் பெயர்ப்பதால், தமிழில் மட்டும் படிப்பவருக்கு இரண்டும் ஒன்று என்று தெரிய வழியில்லை. மனிதர் தொடாதபடி முழுக்கத் தெய்வத்துக்கென்று ஒதுக்கிவிடுவது அதன் பொருள். லேவியராகமம் 27:28-ன்படி வயலைக்கூட அப்படி நேர்ந்துவிடலாம்.

'அப்படியானால் எல்லாம் மிகைநடை' என்று மூச்சுவிடுவது அடுத்த சறுக்கல். எண்ணிக்கை குறைகிறது, கேள்வி குறைவதில்லை. கொல்லப்பட்டது ஒரு குழந்தை என்றாலும், கட்டளை கர்த்தருடையது என்றுதான் வசனம் சொல்கிறது. 1952 முதல் 1958 வரை யோசுவா பிடித்ததாகச் சொல்லப்படும் எரிகோவைத் தோண்டிய தொல்லியலாளர் கேத்லீன் கென்யன், யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்து மதிலைக் காணவில்லை. அதை வைத்து 'நடக்கவே இல்லை' என்று தப்பிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: அந்தக் கட்டளை வேதத்தில் அப்படியே இருக்கிறது.

'கானானியர் அவ்வளவு கெட்டவர்கள்' என்பது பாதிப் பதில். ஆதியாகமம் 15:16 கானானில் வாழ்ந்த எமோரியரின் அக்கிரமத்தைப் பேசுகிறது, உண்மை. பால்குடிக்கும் பிள்ளையின் அக்கிரமம் என்ன என்பதற்கு அதில் விடையில்லை. இனக்கணக்கை யோசுவா புத்தகமே உடைக்கிறது: இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்த கானானியப் பெண் ராகாப் பிழைக்கிறாள், சாபத்தீடானதைத் திருடிய யூதா கோத்திரத்து ஆகான் சாகிறான். நீர் எங்கள் பக்கமா, எதிரி பக்கமா என்று யோசுவா கேட்டதற்குக் கர்த்தருடைய சேனையின் அதிபதி 'அல்ல' என்கிறார் (5:13-14). ராகாபின் பெயர் மத்தேயு 1:5-ல் இயேசுவின் வம்சவரலாற்றிலேயே வருகிறது.

பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்ற குறுக்குவழி இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியனுடையது. ரோமச் சபை கி.பி. 144-ல் அவரை விலக்கியது. வனாந்தரச் சோதனையில் இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்துதான்.

ஆபத்தானது, இன்றைய ஏதோ ஒரு ஜனத்தைக் 'கானானியர்' என்று பிரசங்கிப்பது. உபாகமம் 20:16-17 பெயர் சொல்லிச் சில ஜாதிகளோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் புதுப்பெயர் சேர்க்க யாருக்கும் உரிமை தரப்படவில்லை.

வகுப்பில் கேள்வி வந்தால் ஆதியாகமம் 18-ஐ எடுத்து உரக்க வாசியுங்கள். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று, சோதோமை அழிக்கப்போகும் கர்த்தரின் முகத்துக்கு நேரே ஆபிரகாம் கேட்கிறான். 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை பேரம் பேசுகிறான். ஆறு தடவை கேட்கிறான். ஒரு தடவைகூடக் கர்த்தர் அவனை 'பேசாதே' என்று அடக்கவில்லை.