மூடிக்குள்ளே ஒரு கோடு இருக்கிறது, பாருங்கள்

ஷாம்பு பாட்டிலில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதை எடுத்துவிட்டுக் கட்டியாக, வில்லையாக, தாளாக இப்போது விற்கிறார்கள். சீயக்காயும் பயத்தம் மாவும் தேய்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் இன்றும் கிடைக்கிறதே! ஆனாலும் தடுமாறுகிறோம், பழைய கைப்பழக்கத்தால்.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று மனம் சொல்லும். தண்ணீர் குறைத்த அடர் சலவைத் திரவம் வாங்கிய முதல் நாள் நானும் வழக்கம்போல மூடி நிறைய ஊற்றினேன். மெஷினின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. துணிகள் ஒன்றோடொன்று மோதித் துவைபடாமல் நுரைமெத்தையில் புரண்டன. அலசியும் போகாத சோப்பு துணியிலேயே தங்கிவிடும். டிசம்பர் மழையில் வீட்டுக்குள் காயும் சட்டை முடைநாற்றம் அடிக்க இதுவும் ஒரு காரணம். மழையை மட்டும் திட்டுவானேன்? மூடியை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அளவுக் கோடுகள் தெரியும். என் மூடியில் கீழ்க்கோடு கால்வாசி உயரம்கூட இல்லை.

அடுத்த எதிரி ஈரம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறை காய்வதே அபூர்வம். தட்டையான பெட்டியில் வைத்த ஷாம்புக் கட்டி சில நாளில் களியாகிவிடும். அடியில் துளையுள்ள தட்டு வேண்டும். சலவைத் தாளை ஈரக்கையால் எடுத்தால் மொத்தக் கட்டும் ஒட்டிக்கொள்ளும்.

கட்டி என்றால் எல்லாம் ஒன்றல்ல. சோப்பால் செய்த கட்டியின் காரத்தன்மை (pH அளவு) 9, 10 வரை போகும், முடி சொரசொரத்துவிடும். சேர்மானப் பட்டியலின் தொடக்கத்தில் ‘சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் சோப்பில்லாத வகை.

தண்ணீரில் போட்டுக் கரைக்கும் வில்லை பொங்கும்போது பாட்டிலை மூடாதீர்கள். உள்ளே கரியமில வாயு சேர்ந்து மூடியைத் தெறிக்கவிடும். கரைத்ததைப் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைப்பதோ, சிக்கனம் என்ற பேரில் நாமே தேடிக்கொள்ளும் வினை; தண்ணீர் என்று யாராவது குடித்துவிடலாம்.

திரவம் அடைத்த சலவை உருண்டைகள்தான் எனக்குப் பெரும் பயம். பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் அதைப் பிள்ளைகள் மிட்டாய் என்றே நினைப்பார்கள். மெஷின் மேல் வைக்காமல், எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். கடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயை நீரால் துடைத்து, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்சுக்கு 995.