அமிலத்தில் முக்கும் முன்பே கெட்டுப்போகும் கத்திகள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உலை மூட்ட முடியாது. அதனால் சிங்கப்பூரில் அடுக்கு எஃகுக் கத்தி செய்ய ஆசைப்படுகிறவர்கள் வாடகைப் பட்டறையில் அடித்துப் பதமேற்றிவிட்டு (சூடேற்றிக் கடினமாக்கிவிட்டு), மெருகு வேலையை வீட்டில் வைத்துக்கொள்வதுண்டு. சம்மட்டி வேலைதான் கஷ்டம், மீதியெல்லாம் சும்மா தேய்ப்பதுதானே என்று ஒரு நினைப்பு. பெரும்பாலான கத்திகள் அந்தத் தேய்ப்பில்தான் கெடுகின்றன.

1084 கரி எஃகையும், ஏறக்குறைய 2 விழுக்காடு நிக்கல் கொண்ட 15என்20 எஃகையும் மாறி மாறி அடுக்கி ஒன்றாக்குவது வழக்கம். பெரிக் குளோரைடு என்ற அமிலக் கரைசலில் முக்கினால் கரி எஃகு அரிபட்டுக் கறுக்கும், நிக்கல் எஃகு வெளுப்பாக நிற்கும். அதுதான் நாம் பார்க்கும் கோலம். ஆனால் அமிலத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. கோலத்தைக் காட்டுகிற அதே சுறுசுறுப்போடு, நீங்கள் விட்டுவைத்த 120 கிரிட் உப்புத்தாளின் கீறலையும் காட்டிவிடும் (கிரிட் எண் கூடக்கூடத் தாள் நைசாகும்).

உப்புத்தாள் வேலையில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: முந்தைய தாளின் கீறல் முழுதாகப் போவதற்குள் அடுத்த தாளுக்குத் தாவுவது. 220இல் குறுக்காகத் தேய்த்தால் 400இல் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். திசை மாறினால்தான் பழைய கோடு கண்ணில் படும். குழல்விளக்குக்கு நேர் கீழே பார்த்தால் எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும். அலகைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கைப்பிடி ஓரத்தில் மட்டும் குறுக்குக் கோடுகள் கூட்டமாக நிற்கும். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேடு பள்ளமாகிவிடும், தட்டையான கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். கடைசித் தாளில் முன்னும் பின்னும் இழுக்கவே கூடாது. திரும்புகிற இடத்தில் தூண்டில் முள் போல வளைந்த கீறல் விழும். கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனைவரை ஒரே இழுப்பு, கையை எடுத்து மறுபடி ஒரே இழுப்பு. 600, 800 வரை போனால் போதும். கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு அமிலத்தில் போடுவது வீண் உழைப்பு.

இதைவிடக் குழப்பமான ஒன்று உண்டு. உலைச் சூட்டில் எஃகின் மேல்தோல் கரியை இழந்துவிடும். அந்தத் தோல் எங்காவது மிச்சமிருந்தால் கோலம் அங்கே மங்கித் திட்டுத்திட்டாகத் தெரியும். உடனே கரைசலைக் குறை சொல்லி இன்னும் பத்து நிமிடம் ஊறப்போடுவார்கள். தோலைத் தேய்த்து எடுக்கும்வரை எத்தனை மணி நேரம் ஊறினாலும் அது சரியாகாது. 400இல் இருக்கும்போதே அரை நிமிடம் கரைசலில் முக்கி எடுத்துப் பாருங்கள். தோல், கீறல், சரியாக ஒட்டாத அடுக்கு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவோ!

தோலை எடுக்க இயந்திரத்தைப் போடுகிறீர்களா? அலகு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள்.

கைப்பிடியை மாட்டிவிட்டு முக்காதீர்கள். பெரிக் குளோரைடு செம்பையும் பித்தளையையும் தின்னும். மின்சுற்றுப் பலகையை அரிக்க அதைப் பயன்படுத்துவதே அதனால்தான். பலகை அரித்து மிஞ்சிய பழைய கரைசலும் வேண்டாம், அதில் கரைந்திருக்கும் செம்பு கத்திமேல் வந்து படிந்துவிடும். புதுக் கரைசல் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேருங்கள். கெட்டியாக இருந்தால் கோலம் ஆழமாக விழும் என்பது தப்புக்கணக்கு, சொரசொரவென்று அரித்துவிடும். முக்கும் முன் அசிட்டோனால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கை பட்டால் ரேகையும் கோலத்தோடு சேர்ந்துகொள்ளும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அடி மூடிய பிளாஸ்டிக் குழாயில் கரைசலை ஊற்றி, அதில் அலகைத் தொங்கவிடுங்கள். பாத்திரத்தில் கிடத்தினால் அடிப்பக்கம் வேறு மாதிரி அரிக்கும். நேரத்தைக் காணொளி பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்நாட்டுக் கொட்டகையில் பதினைந்து நிமிடம் என்பது நம் ஊர் 30 டிகிரியில் அதிகமாகப் போய்விடலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, அலகில் படிந்த கரும்பொடியை 2000 கிரிட் தாளால் துடைத்து, திரும்ப முக்குங்கள்.

கறுப்பு இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் அப்புறம் காப்பியில் இரவு முழுக்க ஊறவைப்பது நல்ல உத்திதான். ஆனால் த்ரீ-இன்-ஒன் பொட்டலத்தைக் கரைத்து ஊற்றினால் பால்பொடிக் கொழுப்பு திட்டுத்திட்டாக ஒட்டும். கோப்பிக்கடையில் வாங்கிவந்த கோப்பி-ஓ-கோசோங்கும் (பாலும் சீனியும் சேர்க்காத கறுப்புக் காப்பி) உதவாது. அந்தக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் வழக்கம் உண்டு. மலிவான சாதா உடனடிக் காப்பித்தூளே போதும், கெட்டியாகக் கலக்குங்கள்.

கழுவினால் அமிலம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் மறுநாள் காலையில் ஆரஞ்சுத் துருவோடு விழிப்பார்கள். காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிற ஊர் இது. பெரிக் குளோரைடிலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் ஊறவைத்து, கைப்பிடி ஆணித் துளைகளையும் கழுவி, காய வைத்து, (காப்பியில் ஊறவைப்பதென்றால் அதன்பிறகு) உடனே எண்ணெய் தடவுங்கள். உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்கேறிவிடும். சாணை பிடிப்பது எல்லாம் முடிந்த பிறகே, ஏனென்றால் அமிலம் முதலில் மழுங்கடிப்பது கூர்மையைத்தான்.

அப்படியும், எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்தால் கோலம் நாளடைவில் சாம்பல் பூத்துவிடும். தோல் உறையிலேயே போட்டுவைப்பதும் ஈரத்தைச் சேர்த்துத் துருவை வளர்க்கும். வெட்ட எடுக்கும்போது தவிர வெளியே உலர வையுங்கள்.

கரைசலைப் பலமுறை பயன்படுத்தலாம், மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். எவர்சில்வர் தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் குழி விழும், மொசைக்கில் பழுப்புக் கறை நிற்கும். தீர்ந்துபோனதைக் கழிவுக் குழாயில் கொட்ட வேண்டாம். 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்கி வரும் நாட்டில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நச்சுக் கழிவை எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, பட்டறைக்காரரிடமே வழி கேட்டுக்கொள்ளுங்கள்.