மெல்லிய காற்றுக்கும் அசைய: பேரிங்கில் கிரீஸ் வேண்டாம்

தென்னங்கீற்று போல இளங்காற்றுக்கே அசைய வேண்டிய தகட்டுச் சிற்பத்துக்கு 608 பேரிங் (உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ.) போடுகிறீர்கள் என்றால், மாட்டுவதற்கு முன் கிரீஸைக் கழுவிவிடுங்கள். ரப்பர் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்க்கவும். நன்றாகக் காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தாராளமாக விட்டால் தூசி ஒட்டி மறுபடியும் இறுகும்.

நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் கோயமுத்தூர் பம்ப் மோட்டாருக்கு அந்த கிரீஸ் அவசியம். மெதுவாக அசையும் நூறு கிராம் அலுமினிய இலையை அதன் பிசுபிசுப்பே பிடித்து நிறுத்திவிடும். ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டாததால் அதன் உரசலும் சேர்ந்தே போகிறது. கழுவிய பிறகும் இலை ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா? பேரிங்கைக் குறை சொல்லாதீர்கள், எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது; எதிர்ப்பக்கம் வாஷர் ஒவ்வொன்றாகக் கோத்துப் பாருங்கள்.

இது வீட்டுக்குள்ளும் மழை படாத திண்ணையிலும் வைப்பதற்கு மட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் பல்லடம், உடுமலை வெட்டவெளியில் ஆடி மாதம் கிரீஸும் மூடியும் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே குண்டுகளில் துரு ஏறும்.