துருக்கி வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும் திருநெல்வேலிக்காரர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து நண்பர்கள் நால்வராகத் துருக்கி சென்றிருந்தபோது, எங்களுள் ஒருவருடன் பணிபுரிந்தவரின் பெற்றோர் கொன்யா நகரில் தங்கள் வீட்டிலேயே எங்களை மூன்று நாள் தங்கவைத்தார்கள். அந்த மூன்று நாளில் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை, அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். சாதாரண இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களில் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் (ஒரே பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகள்) ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ உள்ளவர்களுக்கே மின்விசா கிடைக்கும். மற்றவர்கள் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஒரே குழுவில் இருவருக்கு உடனேயும் இருவருக்குத் தாமதமாகவும் கிடைக்கக்கூடும். எத்தனை பேர் வருகிறீர்கள், யார் சைவம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூடுதலாக ஓர் ஆளை அழைத்துப் போனாலும் முகம் சுளிக்காமல் தங்கள் கட்டிலை விட்டுக்கொடுப்பார்கள். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

கொண்டுபோகும் பொருள் என்றால் நமக்கு அல்வாதான் நினைவுக்கு வரும். நெய்ப் பண்டத்துக்குச் சுங்கத்தில் என்ன விதி என்று பார்த்துவிட்டு எடுத்துச் செல்லலாம். அங்கேயும் ‘ஹெல்வா’ உண்டு என்பதால் பேச்சுக்கும் பஞ்சமிராது. நாங்கள் கொடுத்தது பத்தமடைப் பாய். கோரைப் புல்லில் நெய்தது என்று சொன்னதும் அந்த அம்மா அதை விரல்நுனியால் தடவிப் பார்த்து, தரையில் விரிக்க மறுத்துச் சுவரில் மாட்டிவிட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்தான். ஆனால், உள்ளே நடக்க வேறு செருப்பு தருவார்கள். அதை மறுத்து வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உட்கார்ந்ததும் உள்ளங்கையில் எலுமிச்சை மணமுள்ள ‘கொலொன்யா’வை ஊற்றுவார்கள். எங்கள் நண்பர் ஒருவர் கோயில் தீர்த்தம் வாங்குவதுபோல் கையைக் குழித்து வாங்கி, வாயருகே கொண்டுபோய்விட்டார். பெரும்பாலும் எண்பது விழுக்காடு சாராயம் கலந்த வாசனைநீர் அது. கையில் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

தேநீர்தான் உண்மையான சோதனை. இரட்டைப் பாத்திரத்தின் மேலடுக்கில் கெட்டி டிகாக்ஷன், கீழடுக்கில் கொதிநீர்; இரண்டையும் இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளையில் கலந்து, பால் இல்லாமல் தருவார்கள். பிடி இல்லாத குவளை என்பதால் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலியான குவளை நிரம்பிக்கொண்டே இருக்கும். “போதும்” என்பது அவர்கள் காதில் உபசாரமாகவே விழும். நம் ஊரில் சாப்பிட்டு முடித்ததை இலையை மூடிக் காட்டுவதுபோல், அங்கே கரண்டியைக் குவளையின் மேல் குறுக்காக வைத்தால் போதும் என்று பொருள். இது தெரியாமல் நான் முதல் மாலையில் ஒன்பது குவளை குடித்தேன்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பருப்புச் சூப், ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கள், பாலாடைக்கட்டி, ரொட்டி என்று காலைச் சாப்பாடே மேசையை நிறைக்கும். ஆயினும் சூப் இறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம் என்பதால், ‘எத் யெமியோரும்’, அதாவது இறைச்சி உண்பதில்லை என்று சொன்னதோடு நில்லாமல், இறைச்சிச் சாறு சேர்த்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவர்கள் ‘ச்’ கொட்டித் தலையை மேலே உயர்த்தினால், சலிப்பு அல்ல, ‘இல்லை’ என்றே பொருள். நம்முடைய தலையாட்டல் அவர்களுக்கு விளங்காது, வாயால் சொல்லுங்கள். சமைத்தவரிடம் ‘எலினிஸே சாலிக்’, உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்று சொல்ல மறக்காதீர்கள். இதற்குக் கிடைத்த சிரிப்பு வேறெதற்கும் கிடைக்கவில்லை.

புறப்படும்போது வண்டியின் பின்னால் ஒரு குவளை நீரை வீசி ஊற்றினால் பதற வேண்டாம். நீர்போல் தடையின்றிப் போய், நீர்போல் திரும்பி வர வேண்டும் என்னும் வாழ்த்து அது. பின்னிருக்கைக் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிடுங்கள். தீர்த்தம் வாங்கிய அதே நண்பருக்குத்தான் சட்டையும் நனைந்தது.