ஓசனிச்சிட்டைக் காண விரும்புவோருக்கு

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஹம்மிங் பறவையை, அதாவது ஓசனிச்சிட்டை, இயற்கைச் சூழலில் காண விரும்புவோர் அதைத் தேடி அலையாமல், குழல் வடிவச் செந்நிறப் பூக்கள் நிறைந்த புதரருகே அசையாமல் அமர்ந்திருப்பதே நல்லது. தேன் சுரக்கும் பூக்களைத் தன் எல்லையாகக் காக்கும் பறவை மீண்டும் அங்கேயே வரும். அருகிலுள்ள இலையற்ற கிளை நுனிகளையும் கவனியுங்கள், ஏனெனில் பகலின் பெரும்பகுதியை அது அமர்ந்தே கழிக்கிறது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க வேண்டாம்: அடிக்கடி உண்டே உயிர்வாழும் அச்சிற்றுயிர், இல்லாத எதிரியைத் தேடி ஆற்றலை வீணாக்கும். சிலந்தி இழைகளால் பிணைத்த அதன் கூட்டைக் கண்டால், மறைக்கும் இலைகளை விலக்காமல் உடனே பின்வாங்குங்கள். தனியாக அடைகாக்கும் தாய்ப்பறவை அஞ்சி நெடுநேரம் விலகியிருந்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும்.